என் நெஞ்சுக்கு வந்த பஞ்சாயத்து

நான் அந்த மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பதே எங்கள் குடும்பத்தாருக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முன் முப்பத்து மூன்று வருஷம் அது தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டுதான் இருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கேள்வித்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எழுந்து வந்தேனே, அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. கல்யாணமான புதிதில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோய், தெருவெல்லாம் தீய்ந்த வாசனை கிளம்பி ஓடிவந்தேனே, அன்றைக்கும் அடித்துக்கொண்டது. அப்போதெல்லாம் திமிர், அலட்சியம், பொறுப்பில்லாத கழுதை என்று சொல்லிவிட்டுப் போனார்களே தவிர, உன் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று ஒரு ஆள் கேட்டதில்லை. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட வராத ஒரு மாத்திரையை வாயில் போட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு என் நெஞ்சுக்கு வக்கீலாகிவிட்டார்கள்.

எனக்குப் பத்திரம் எழுதுகிற தொழில். உத்திரமேரூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கடைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று என்னுடையது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி உட்கார்ந்தேன். அந்த வரிசையில் நான் ஒருத்திதான் பெண். தட்டச்சில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், அது உண்மையும்கூட. ஆனால் உட்கார முடியாது. பாதிப் பத்திரத்தில் எழுந்து டீ சொல்லப் போவேன், போன இடத்தில் யாரிடமாவது பேச்சுக் கொடுப்பேன், திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது. ஒரே நேரத்தில் நாலு பேர் பத்திரம் மேஜைமேல் திறந்து கிடக்கும். வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். "இந்தம்மா கை மிசினு, காலு சக்கரம்" என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் பண்ணுவார். நானும் சிரித்துவைப்பேன்.

சிரிப்பு நின்றது காவாந்தண்டலத்துப் பத்திரத்தில்தான். அந்த ஊரில் புருஷனை இழந்த ஒரு அம்மா, கூலி வேலை செய்து சேர்த்ததைப் போட்டு முக்கால் ஏக்கர் நஞ்சை வாங்கினார். வாங்கிய நிலம் பின்பக்கம். விற்றவனுடைய மீதி நிலம் முன்பக்கம், ரோட்டை ஒட்டி. அவன் நிலத்தின் ஓரமாகப் போகிற வண்டிப்பாதை வழியாகத்தான் இந்த அம்மா தன் நிலத்துக்குப் போகவேண்டும். பழைய பத்திரத்தைப் பார்த்து நான் சொத்து விவரத்தை அடித்தேன். எங்கள் பத்திரங்களில் வரிக்கு வரி "மேற்படி" என்றுதான் ஆரம்பிக்கும். மேற்படி கிணற்றில் சரிபாதி பாகமும், மேற்படி நிலத்துக்குப் போகவர மாமூல் வண்டிப்பாதைப் பாத்தியமும், மேற்படி வரப்பில் உள்ள பனைமரம் இரண்டும், இப்படியே போகும். கிணற்று வரியை அடித்து முடித்ததும் வெளியே யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்துவிட்டு வந்து அடுத்த "மேற்படி"யில் கண்ணை வைத்தேன். அது அடுத்தது இல்லை, அதற்கும் அடுத்தது. வண்டிப்பாதை வரி ஒட்டுமொத்தமாக விட்டுப்போயிற்று. பனைமரம் இரண்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. பத்திரம் பதிவாகி, ரேகை வைத்து, எல்லாம் முடிந்துவிட்டது.

ஆறு மாசம் கழித்து விற்றவன் வேலி போட்டான். "பத்திரத்துல பாத கீதா? எங்க கீது, காட்டு" என்றான். காட்ட அதில் ஒன்றும் இல்லை. பிழைதிருத்தல் பத்திரம் போடவேண்டும் என்றால் விற்றவனும் கையெழுத்துப் போடவேண்டும், அவன் போடமாட்டான். அந்த வருஷம் அறுப்புக்கு டிராக்டர் உள்ளே போக வழியில்லை. அந்த அம்மா கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒற்றை வரப்பில், ஊராருடைய கழனியெல்லாம் சுற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். என் கடைக்கு வந்தபோது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கு எய்தப் படிக்கத் தெரியாதும்மா, அதான ஒங்கிட்ட வந்தேன்" என்றார். அதற்கு நாலு அறை வைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, அடித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூட வாத்தியாரான என் வீட்டுக்காரர் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷர். அவரே பயந்துபோய், மெட்ராஸில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து எலெக்ட்ரிக் டிரெயின். துக்கத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவார் என்றுதான் போனேன். அந்தப் பெண் டாக்டர் என் துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு என் சின்ன வயசைக் கேட்டார். பள்ளிக்கூடம், பரீட்சை, அடுப்பில் பால், பாதியில் நின்ற தையல் கிளாஸ், பாதியில் நின்ற பி.காம்., எல்லாவற்றையும் கேட்டார். மூன்று தடவை வரச்சொன்னார். பழைய ரேங்க் கார்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். வருஷா வருஷம் ஒவ்வொரு டீச்சரும் "கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது" என்று வேறு வேறு கையெழுத்தில் எழுதியிருந்ததை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்.

"ஏ.டி.எச்.டி.ன்னு பேரு. கவனம் ஒரு இடத்துல நிக்காது. பசங்களுக்கு மட்டும்தான் வரும்னு நினைக்கிறாங்க. பசங்க வளர்ந்துடறாங்க, இது பல பேருக்குக் கூடவே வளருது" என்றார். அழுதுவிட்டேன். திமிர் இல்லையாம், அலட்சியம் இல்லையாம். முப்பத்து மூன்று வருஷமாக வாங்கின திட்டையெல்லாம் யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்த மாத்திரை லேசில் கிடைக்காது. மெத்தில்பெனிடேட் என்று பேர். டாக்டர் சீட்டை இரண்டு பிரதி எழுதவேண்டும். கடைக்காரர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, நோட்டில் பெயர் விலாசமெல்லாம் எழுதி, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முப்பது மாத்திரையைக் கொடுப்பார். மாசம் ஒரு தடவை அந்தப் பார்வையை வாங்கவே ஒரு நாள் பயணம். பார்த்தால் பார்த்துக்கொள் என்று நானும் நிமிர்ந்து நிற்பேன்.

முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். தேவலோகம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், பதினோரு பக்கம். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுந்திருக்காமல் அடித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் சொல்லிவைத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் இருக்கிறதா? இவ்வளவு சுலபத்தை வைத்துக்கொண்டா என்னை அத்தனை பேச்சுப் பேசினீர்கள், பாவிகளா?

அடுத்த இரண்டு மாசத்தில் காவாந்தண்டலத்து நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டு, பழைய நகல்களை மனுப்போட்டு எடுத்து, ஒவ்வொன்றாகப் படித்தேன். முன்பு இருந்த என்னை அதில் உட்காரவைத்திருந்தால் இரண்டாவது பக்கத்திலேயே எழுந்து ஓடியிருப்பேன். நான் பார்த்து அடித்த பத்திரத்தில் மாமூல் பாதை என்று வெறுமனேதான் இருந்தது; விற்றவனுடைய தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் அந்த வண்டிப்பாதை நீள அகல அளவோடு இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தேன். கோர்ட்டுக்குப் போனால் யார் ஜெயிப்பார்கள் என்று அவனுக்கே புரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே வந்து பிழைதிருத்தலில் கையெழுத்துப் போட்டான். வேலி போயிற்று. மாத்திரை எனக்குச் செய்ததைச் சொல் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நான் ஒன்றும் மாத்திரைக்கு மாலை போடவில்லை. அது படுத்தவும் செய்தது. மதியம் பசிக்காது, சோற்றைப் பார்த்தால் மண்ணைப் பார்ப்பதுபோல் இருக்கும். நாக்கு வறண்டுபோகும். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தாமதமாகப் போட்டுக்கொண்டால் ராத்திரித் தூக்கம் அம்பேல். மாத்திரை இறங்குகிற சாயங்கால நேரத்தில் யார் பேசினாலும் எரிந்து விழுவேன். நெஞ்சும் சில நாள் வேகமாகத்தான் அடித்தது. இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன். அவர் நேரத்தை மாற்றினார், அளவை மாற்றினார்.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தான். என்னைவிட ஒன்பது வயசு மூத்தவன். அப்பா போன பிறகு எனக்குக் கல்யாணம் பண்ணிவைத்தவன் அவன்தான். ஒரு நாள் அவன் கடைக்குப் போயிருந்தபோது, என் கைப்பையிலிருந்து எதையோ எடுக்கப் போனவன் அந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டான். மாத்திரைக் கடைக்காரன் கண்ணிலிருந்து மாத்திரையை மறைக்க முடியுமா?

"இது இன்னா மாத்திர தெரியுமா ஒனக்கு?" என்றான். "தெரிஞ்சிக்கினேதான் துன்றியா?"

"தெரியாம யாராச்சும் மெட்ராஸ் வரைக்கும் போய் வாங்குவாங்களா?" என்றேன்.

"பாப்பா, இது பயக்கமாப் பூடும். அப்பாலிக்கா உட முடியாது. ஒரு வருசம் ரெண்டு வருசம் ஒன்னும் தெரியாது. பத்து வருசம் கயிச்சிப் பாரு, ஹார்ட்டு பூடும். பசங்களுக்கு இஸ்கூல் முடியிற வரிக்கும் குடுக்கிறத பொம்பள நீ ஆயுசுக்கும் துன்னுக்கினு இருப்பியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் கடையில சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்கிட்டுப் போறவங்களுக்கெல்லாம் ஆயுசுக்கும் சாப்பிடக்கூடாதுன்னு சொல்லித்தான் விக்கிறியா? அவங்களுக்கு வந்தா வியாதி, எனக்கு வந்தா கொழுப்பா?" என்று கேட்டேன். கடை வாசலில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

அவன் சத்தத்தைக் குறைத்தான். "நைனா எப்டிப் போனாருன்னு அந்த டாக்டராண்ட சொன்னியா?" என்றான்.

நாங்கள் நைனா என்று கூப்பிட்ட எங்கள் அப்பா, ஐம்பத்திரண்டு வயசில், காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. டாக்டர் முதல் நாளே கேட்டிருந்தார், குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சு வியாதி உண்டா, சின்ன வயசில் திடீரென்று யாராவது இறந்திருக்கிறார்களா என்று. நான் இல்லை என்று சொல்லியிருந்தேன். இதில் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மறக்கவில்லை, கவனக்குறைவும் இல்லை. சொன்னால் மாத்திரை தரமாட்டார்கள் என்று பயந்து, தெரிந்தே சொன்ன பொய்.

அட்டையை அண்ணன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் இரண்டு நாள் மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது கண்முன்னால் வந்தது. மூன்றாம் நாள் மெட்ராசுக்குக் கிளம்பிப் போனேன். உண்மையைச் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க பத்திரம் எழுதுறவங்கதானே? கட்சிக்காரர் ஒரு வில்லங்கத்தை மறைச்சு வெச்சுப் பத்திரம் எழுதச் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"எழுந்து வெளியே போய்யான்னு சொல்லுவேன்."

"நான் அப்படிச் சொல்லலை. மாத்திரையை நிறுத்துங்க. போய் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்து, இருதய டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அவர் என்ன சொல்றாரோ பார்ப்போம்."

வந்த கோபத்தையெல்லாம் திரட்டி நானும் ஒன்று கேட்டேன். "எல்லாம் நல்லா இருந்து திரும்ப ஆரம்பிச்சா, பத்து இருபது வருஷத்துல என்ன ஆகும்? எங்கண்ணன் நெஞ்சு போயிடும்னு சொல்றாரு. நீங்க சொல்லுங்க."

பூசி மெழுகுவார் என்று நினைத்தேன். அவர் பூசவில்லை. "இது பிரஷரையும் நாடித்துடிப்பையும் கொஞ்சம் ஏத்தும், அது தெரியும். பெரும்பாலானவங்களுக்கு அந்தக் கொஞ்சம் ஒண்ணும் பண்றதில்லை. ஆனா பெரியவங்க வருஷக்கணக்கா சாப்பிட்டா அந்தக் கொஞ்சம் சேர்ந்து என்ன ஆகும்னு முழுசா சொல்ற அளவுக்கு இன்னும் எங்ககிட்ட விவரம் இல்லை. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்லமாட்டேன். அதனாலதான் அளந்துக்கிட்டே இருக்கணும். அளந்துக்கிட்டே இருக்க முடியாதுன்னா இது உங்களுக்கு வேண்டாம்." வாழ்க்கையில் ஒருத்தர் என்னை முட்டாளாக நினைக்காமல் பேசியது அன்றைக்குத்தான்.

மாத்திரை நிறுத்திய ஐந்து வாரமும் ஆனியை ஒட்டியே வந்து விழுந்தது. எங்கள் தொழிலில் ஆனி என்றால் என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் பத்திரம் பதியமாட்டார்கள். ரிஜிஸ்டர் ஆபீசில் ஈ ஓட்டவேண்டியதுதான். அதனால் வருஷமெல்லாம் யோசித்தவன்கூட ஆனிக் கடைசி முகூர்த்தத்துக்குள் முடித்துவிடவேண்டும் என்று ஓடிவருவான். அதிலும் ராகுகாலம் கூடாது, எமகண்டம் கூடாது. மிச்சமிருக்கும் நேரத்துக்குள் நாற்பது குடும்பம் வாசலில் நிற்கும். அந்தக் கூட்டத்தில் என் தலை பழையபடி ஆனது. வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து வைத்து அடித்தேன். வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து, நான் அடித்ததை வரிவரியாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். அப்படியும் ஒரு முத்திரைத்தாளில் வாங்குபவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் விற்பவர் பெயரை அடித்தேன். பார்த்துக்கொண்டு நின்ற குடும்பம் பத்திரக்கட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனது. நான் கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? மாத்திரை சாப்பிட்டால் என்ன கெடுதல் என்று கேட்கத் தெரிந்தவர்களில் ஒருத்தராவது அந்த ஐந்து வாரத்தில் வந்து, சாப்பிடாமல் இருந்தால் என்ன கெடுதல் என்று கேட்டார்களா? அம்மாகூட, "இப்பத்தான் மூஞ்சில கொஞ்சம் சத கீது, இப்டியே இரு" என்று சந்தோஷப்பட்டாள். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

எக்கோவில் நெஞ்சு நன்றாக இருந்தது. இருதய டாக்டர் முன்னும் பின்னும் கேள்வி கேட்டு, ஓடவிட்டு ஒரு பரிசோதனையும் பார்த்து, சாப்பிடலாம் என்று எழுதிக்கொடுத்தார். நிபந்தனையோடுதான். பழையதைவிடக் குறைந்த அளவு. வாரம் ஒரு தடவை பிரஷர், நாடி பார்த்து எழுதிவைக்கவேண்டும். வருஷம் ஒரு தடவை ஈ.சி.ஜி. நெஞ்சு வலியோ, மயக்கமோ, தாறுமாறான துடிப்போ வந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஓடிவரவேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். ஆடி முதல் வாரத்தில், ஒரு பத்திரமும் இல்லாத கடையில் உட்கார்ந்து, மறுபடியும் ஆரம்பித்தேன்.

அண்ணனுக்கு அந்தக் காகிதமெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. "இன்னிக்கி நல்லாத்தான் கீது. நான் கேட்டது பத்து வருசம் கயிச்சி" என்றான். பேச்சை நிறுத்திவிட்டான். அண்ணி வழியாகச் சொல்லி அனுப்புவான், அம்மா வழியாகச் சொல்லி அனுப்புவான். எனக்கும் ரோஷம், பிரஷர் பார்க்க அவன் கடைக்குப் போகாமல் திருப்புலிவனம் ரோட்டில் இருந்த ஒரு நர்ஸம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

ஐப்பசியில் அப்பாவுக்குத் திவசம். அம்மா வீட்டில் படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்தோம். நான் இலையில் பாதியை மிச்சம் வைத்ததை அம்மா பார்த்துவிட்டாள். "மாத்திர துன்னு துன்னு எலும்பாப் பூட்டா" என்று ஆரம்பித்தாள். அவ்வளவு நேரம் அதற்காகத்தான் காத்திருந்தவன் மாதிரி அண்ணன் எழுந்தான். பூஜைத்தட்டில் மிச்சமிருந்த கற்பூரக்கட்டியை எடுத்து, அப்பா படத்துக்கு முன்னால் வைத்துக் கொளுத்தினான்.

"வா. நைனா முன்னாடி கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணு. இனிமே அந்த மாத்திரயத் தொடமாட்டன்னு சொல்லு. அப்டி இல்லியா, இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத."

எங்கள் பக்கத்தில் கற்பூரம் அடித்துச் சொன்னால் சொன்னதுதான். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு அதை மீறியவர்களை நான் பார்த்ததில்லை. நிலத் தகராறில்கூட, பத்திரத்தை நம்பாதவன் கற்பூரத்தை நம்புவான். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

அப்பா படத்தைப் பார்த்தேன். கோயில் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். ரசீதுப் புத்தகத்தை எங்கேயோ வைத்துவிட்டுச் சார்ஜ் மெமோ வாங்குவார். சாவிக்கொத்தைத் தேடிப் பாதி நாள் போகும். பத்து வேலையை ஆரம்பித்து ஒன்றையும் முடிக்கமாட்டார். இரண்டு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். காற்றுப் பிடித்த ஆள் என்று ஊரே சொன்னது. வீட்டுக்குள் நாங்களும் சொன்னோம். தலை ஒரு நிலைக்கு வரவேண்டும் என்று நாளைக்கு இருபது டீ குடித்தார், இரண்டு கட்டு பீடி பிடித்தார். ஆபீசில் தலை குனிந்து, வீட்டில் தலை குனிந்து, ஐம்பத்திரண்டு வருஷத்தை ஓட்டினார்.

"அண்ணா," என்றேன், "நைனா எந்த மாத்திரை சாப்பிட்டுச் செத்தாரு?"

அவன் கையால் கற்பூரத்தைக் காட்டினான்.

"பீடி பிடிச்சாரே, அதுக்கு யாராச்சும் கற்பூரம் கொளுத்தினீங்களா? நாள் முழுக்கத் திட்டு வாங்கி வாங்கி அவரு நெஞ்சு அடிச்சுக்கிட்டதை யாராச்சும் அளந்தீங்களா? அவருக்கு இருந்ததுதான் எனக்கும் இருக்கு. நீ படத்துல பாக்குற, நான் தினமும் எனக்குள்ள பாக்குறேன்."

கற்பூரம் பாதி எரிந்துவிட்டது. நான் போய் அதன் முன்னால் உட்கார்ந்தேன். "சத்தியம் பண்றேன். என்ன சத்தியம்னு நான்தான் சொல்லுவேன். டாக்டர்கிட்ட இனிமே எதையும் மறைக்கமாட்டேன். வாரா வாரம் அளப்பேன். நிறுத்துன்னு டாக்டர் சொன்னா அன்னைக்கே நிறுத்துவேன். நீ சொல்லி நிறுத்தமாட்டேன். அம்மா சொல்லி நிறுத்தமாட்டேன். ஊரு சொல்லி நிறுத்தவே மாட்டேன்." உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். கற்பூரம் அணைந்தது. அம்மா "அய்யோ" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். இனி இந்த வீட்டுக்குள் வரமுடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால் நிற்கவில்லை. அண்ணன் பின்னாலேயே வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நைனாக்கு அந்தக் காலத்துல இந்த மாத்திர கெடச்சிருந்தா..." என்றான்.

"கெடச்சிருந்தா, நெஞ்சு போயிடும்னு அதையும் நிறுத்தச் சொல்லியிருப்பீங்க," என்றேன்.

அவன் மோட்டார் சைக்கிளிடம் போய், கடைப்பையிலிருந்து பிரஷர் பார்க்கிற கருவியை எடுத்து வந்தான். வாசற்படியில் உட்கார்ந்து, "கைய நீட்டு" என்றான்.